ஐரிஸ் வர்ற நாள்

நரசிம்மன்: சரி, திருப்பிச் சொல்லு. ஏரோப்ளேன் உங்க கம்பெனிது இல்ல.

கலைமதி: இல்ல மாமா.

நரசிம்மன்: ஓட்டப் போறவங்கதும் இல்ல.

கலைமதி: இல்ல.

நரசிம்மன்: அப்ப யாருதும்மா அது? மானத்துலருந்து வுழுந்துச்சா?

கலைமதி: அயர்லாந்துல ஒரு கம்பெனி மாமா. அவங்கதான் ஓனர். விமானமா வாங்கி வெச்சுக்கினு நாடு நாடா வாடகைக்கு விடுறாங்க. இங்க மெட்ராஸ்ல புதுசா ஒருத்தர் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் பிளைட் விடப் போறாரு. சொந்தமா விமானம் வாங்க அவரால முடியாது. ரெண்டு பேருக்கும் நடுவுல எங்க கிண்டி ஆபீஸ்.

நரசிம்மன்: புரோக்கரு.

கலைமதி: மாமா...

நரசிம்மன்: கேவலமாவா சொன்னேன்? தெரிஞ்சிக்கக் கேக்கறேன். நீ ரோட்டைப் பாரு. முன்னாடி பள்ளம் கீது.

கலைமதி: பாத்துட்டேன். நீங்க கேரியரை கெட்டியாப் புடிச்சுக்குங்க. இந்த டிவிஎஸ் நம்ம ரெண்டு பேரையும் சுமக்கறதே பெரிசு.

நரசிம்மன்: வண்டியை வுடு. பஜார்ல பாத்தியா, பாத்திரக்கடை நரசிம்மனை மருமவ பின்னாடி உக்கார வெச்சு ஓட்டிக்கினு போறான்னு அவனவன் கடையை வுட்டு வெளிய வந்து பாக்கறான்.

கலைமதி: நீங்களே ஓட்டியிருக்கலாம்ல?

நரசிம்மன்: கண்ணு சரியாத் தெரியலைன்னுதானே டாக்டர்கிட்ட போறோம். நான் ஓட்டினா நேரா ஏரியிலதான் எறக்குவேன்.

கலைமதி: அதான் சொன்னேனே. பல்லாவரத்துல நல்ல டாக்டர். பன்னெண்டு மணிக்கு மேலதான் உக்காருவாரு. அதுக்குள்ள பம்மல்கிட்ட ஒரு சின்ன வேலை. விமானம் எறங்கறதைப் பாத்துட்டுப் போயிடலாம்.

நரசிம்மன்: எறங்கறதைப் பாக்கறதுதான் வேலையா? ஏர்போர்ட்டு உள்ள போவ வேணாமா?

கலைமதி: உள்ள மேனேஜரு, மாலை போடறவங்க, போட்டோக்காரங்க எல்லாம் இருப்பாங்க. என்னையும் வரச் சொன்னாங்க. நான்தான்... வீட்டுல வேலை இருக்குன்னு சொல்லிட்டேன்.

நரசிம்மன்: எனக்கோசரம் லீவு போட்டியா?

கலைமதி: சும்மா வாங்க மாமா.

நரசிம்மன்: ம்... சரி, இந்த வாடகை விசயம். அண்டா வாடகை மாதிரிதானா இது?

கலைமதி: அதேதான். உங்ககிட்ட கல்யாணத்துக்கு வர்றவங்க எப்படிக் கேப்பாங்க?

நரசிம்மன்: ரெண்டு வகையில கேப்பாங்க. வெறும் பாத்திரம் மட்டும் எடுத்துக்கினு போறவன் ஒருத்தன். பாத்திரம், சமையல்காரரு, பரிமாற ஆளு, பாத்திரம் தேய்க்க ஆளு, எல்லாத்தையும் நம்ம தலையில கட்றவன் ஒருத்தன். அரிசி பருப்பு மட்டும் அவனுது.

கலைமதி: இங்கயும் அப்படியே. விமானம் மட்டும் குடுத்தா அது ஒரு வகை. விமானம், பைலட்டு, ரிப்பேர் பாக்கற ஆளு, இன்சூரன்சு எல்லாம் சேத்துக் குடுத்தா இன்னொரு வகை. எண்ணெய் மட்டும் வாடகைக்கு எடுத்தவங்க ஊத்திக்கணும். முதல் வகைக்கு உலர்ந்த வாடகைன்னு அர்த்தம் வர்ற மாதிரி பேரு. ரெண்டாவதுக்கு ஈர வாடகை.

நரசிம்மன்: ஈரம்... இன்னாத்துக்கு ஈரம்?

கலைமதி: அது எனக்கும் தெரியல மாமா. கேட்டா மேனேஜருக்கும் தெரியல.

நரசிம்மன்: பாத்திரம் தேய்க்கற ஆளு இருந்தா ஈரமாத்தான இருக்கும்.

கலைமதி: சிரிக்க வெக்காதீங்க, வண்டி ஆடுது.

நரசிம்மன்: நெளிஞ்சு திரும்பி வந்தா இன்னா பண்ணுவீங்க? நான் அண்டாவைக் கவுத்துப் போட்டு தட்டிப் பாப்பேன். சத்தத்துலயே தெரிஞ்சுடும்.

கலைமதி: அதுதான் என் வேலையே. குடுக்கறப்போ எப்படி இருந்துச்சு, திரும்பி வர்றப்போ எப்படி இருக்கு, எஞ்சின் எவ்வளவு ஓடியிருக்கு, சக்கரம் எவ்வளவு தேஞ்சிருக்கு... ஒவ்வொண்ணா ஒத்துப் பாக்கணும்.

நரசிம்மன்: நீயா பாக்கற?

கலைமதி: எஞ்சினியர் பாப்பாரு. அவரு பாத்தது சரியா இருக்கான்னு நான் பாப்பேன்.

நரசிம்மன்: அப்ப எஞ்சினியருக்கு மேல.

கலைமதி: அப்படி இல்ல...

நரசிம்மன்: இருக்கட்டும், இருக்கட்டும். பஜார்ல நான் அப்படித்தான் சொல்லப் போறேன். சரி, நம்ம பாத்திரத்துல எல்லாம் பேரு வெட்டியிருக்கும். இல்லன்னா எவன் வூட்டு அண்டான்னு சண்டை வந்துடும். ஏரோப்ளேன்ல?

கலைமதி: அதுலயும் உண்டு. பைலட் உக்கார்ற இடத்துல சின்னதா ஒரு தகடு அடிச்சிருப்பாங்க. இன்னார்தான் ஓனர்னு. நெருப்புல கூட அது எரியாது.

நரசிம்மன்: அப்படிப் போடு. நம்ம தொழிலுதான். வெள்ளைக்காரன் பெரிசாப் பண்றான், அவ்வளவுதான்.

கலைமதி: குன்றத்தூர் வந்துடுச்சு. டீ சாப்பிடறீங்களா?

நரசிம்மன்: வேணாம். ஏரோப்ளேன் வந்துடப் போவுது. ஓட்டு. ஆமா, அது இன்னமோ பேரு சொன்னியே...

கலைமதி: ஐரிஸ்.

நரசிம்மன்: ஐரிசு. யாரு, ஓனரு பொண்ணா?

கலைமதி: இல்ல மாமா. கிரேக்க நாட்டு சாமி. அந்தக் கம்பெனிக்காரங்க எல்லா விமானத்துக்கும் வானத்து சாமிங்க பேராத்தான் வெப்பாங்க. நான் கன்னிமரா நூலகத்துல தேடிப் புடிச்சுப் படிச்சேன். முதல் விமானத்துக்கு யுரேனஸ்னு பேரு. அவருதான் வானமே. அவரோட சம்சாரம் பூமி.

நரசிம்மன்: நல்ல குடும்பம்.

கலைமதி: எங்க நல்ல குடும்பம்? அவரு பூமி மேலயே கவுந்து படுத்துக்கினு இருந்தாராம். பொறக்கற பிள்ளைங்க யாரையும் வெளிய விட மாட்டாராம். திரும்பவும் அம்மா வயித்துக்குள்ளயே தள்ளிடுவாராம்.

நரசிம்மன்: இன்னா மனுசன்மா அவன்.

கலைமதி: சாமி மாமா.

நரசிம்மன்: சாமின்னா? அப்புறம்?

கலைமதி: கடைசிப் பையன் பொறுக்க முடியாம அருவாளை எடுத்து... வெட்டிட்டான்.

நரசிம்மன்: தலையையா?

கலைமதி: ...லாரி வருது மாமா.

நரசிம்மன்: கையையா?

கலைமதி: மாமா, லாரி.

நரசிம்மன்: லாரி எங்கயோ வருது, நீ... ஓ. ...ஓ. சரி, சரி. வுடு.

கலைமதி: அதுக்கப்புறம்தான் வானம் பூமியை விட்டு மேல போச்சாம். பிள்ளைங்க எல்லாம் வெளிய வந்தாங்களாம்.

நரசிம்மன்: ம்... அடைச்சு வெச்சா வேற இன்னா ஆவும்.

கலைமதி: நான் ஒண்ணும் சொல்லல மாமா.

நரசிம்மன்: நானும் கதையைத்தான் சொன்னேன். அடுத்தது?

கலைமதி: அடுத்தது ஜீயஸ். மூணு அண்ணன் தம்பிங்க சீட்டு குலுக்கிப் போட்டு உலகத்தைப் பங்கு பிரிச்சாங்க. ஒருத்தருக்கு கடல், ஒருத்தருக்கு செத்தவங்க ஊரு, இவருக்கு வானம்.

நரசிம்மன்: நெலம் யாருக்கு?

கலைமதி: மூணு பேருக்கும் பொது.

நரசிம்மன்: அங்கதான் வெவகாரமே கிளம்பியிருக்கும்.

கலைமதி: இவரு வெவகாரம் வேற. கையில மின்னல் வெச்சிருப்பாரு, ஆனா ஊரு பூரா பொம்பளைங்க. கழுகா மாறிப் போவாரு, மாடா மாறிப் போவாரு, தங்க மழையாக்கூடப் போயிருக்காரு.

நரசிம்மன்: நம்ம இந்திரன் கணக்கா.

கலைமதி: அச்சு அசல். ஜீயஸ் இப்ப பிரேசில்ல வாடகைக்கு ஓடுது.

நரசிம்மன்: அங்கயே ஓடட்டும். நம்ம பக்கம் அனுப்பாதீங்க. இந்தப் பொண்ணு... ஐரிசு? இவ யாரு?

கலைமதி: வானவில்லு. மேல இருக்கற சாமிங்க சேதியை கீழ கொண்டாந்து சொல்றவ. வானத்துக்கும் பூமிக்கும் கடலுக்கும் அவ பாட்டுக்குப் போவா, வருவா. யாரும் தடுக்க மாட்டாங்க. கண்ணுல கருமணியைச் சுத்தி ஒரு வட்டம் இருக்குல்ல? அதுக்கும் டாக்டருங்க அந்தப் பேருதான் சொல்றாங்க.

நரசிம்மன்: ஐரிசு... பரவால்ல. நம்ம ஊருக்கு வர்றவ யோக்கியமானவளாத்தான் வர்றா.

கலைமதி: மாமா, இங்கதான். இந்த மதிலோரம் நிப்பாட்டறேன். விமானம் நேரா நம்ம தலை மேல வந்து உள்ள எறங்கும். பாத்து எறங்குங்க.

நரசிம்மன்: அப்பாடா. இடுப்பு ரெண்டா போச்சு. இந்தாம்மா, எளநி இருக்குதா?

லூர்தம்மாள்: எளநிதானே சாமி வித்துக்கினு இருக்கேன். வழுக்கையா, தண்ணியா?

நரசிம்மன்: தண்ணி. எம் மருமவளுக்கு வழுக்கை. ஏரோப்ளேன் பாக்க வந்துருக்கோம்.

லூர்தம்மாள்: ஞாயித்துக்கெழமை ஆனா பிள்ளைங்களை இட்டுக்கினு வருவாங்க. நீங்க இன்னிக்கு வந்துட்டீங்களா?

நரசிம்மன்: நாங்க வேடிக்கை பாக்க வரலை. எம் மருமவளோட ஏரோப்ளேன் வருது.

லூர்தம்மாள்: யாரோட?

கலைமதி: மாமா... இல்லம்மா, நான் வேலை செய்யற கம்பெனி மூலமா வருது.

நரசிம்மன்: வாடகைக்கு வுடுறாம்மா. எஞ்சினியருக்கே மேல இவ.

லூர்தம்மாள்: நல்லா இரு தாயி. எந்த ஊருங்க?

நரசிம்மன்: பென்னலூரு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம்.

லூர்தம்மாள்: ...ஐயோ. அந்தக் குண்டு வெடிச்ச ஊரா.

நரசிம்மன்: அந்த ஊருதான்.

லூர்தம்மாள்: மே மாசக் கடைசியில எங்க தெரு பூரா அதே பேச்சு. ஒருத்தரும் சரியா சோறு தின்னலை.

நரசிம்மன்: நாங்களும்தான்.

லூர்தம்மாள்: இந்தா சாமி, குடி. அந்தப் பக்கம் ஒருத்தன் கூப்புடறான், வந்துடறேன்.

கலைமதி: எங்க ஆபீஸ்லயும் இப்படித்தான் மாமா. அயர்லாந்துக்காரங்க போன்ல என்னை எந்த ஊருன்னு கேட்டாங்க. சொன்னேன். அப்புறம் மெதுவா, தெரியும்னாங்க.

நரசிம்மன்: உலகத்துக்கே தெரிஞ்சுபோச்சு. ராமானுஜர் பொறந்த ஊரும்மா அது. இப்ப பேரைச் சொன்னா எளநிக்காரி கூட நெஞ்சுல கை வைக்கறா. ...வேற எதுக்காவது ஒருநா நம்ம ஊரு பேரைச் சொல்லணும் கலை. சந்தோசமா எதுக்காவது.

கலைமதி: சொல்லுவாங்க மாமா.

நரசிம்மன்: ம். எங்க, ஆளைக் காணோம் உங்க ஐரிசை?

கலைமதி: பம்பாய்லருந்து கிளம்பிடுச்சுன்னு காலைல போன் வந்துச்சு. இந்நேரம் வரணும். மேகம் வேற கட்டிக்கினு இருக்கு...

நரசிம்மன்: பயமா கீதா?

கலைமதி: எட்டு மாசமா இதுக்காக வேலை செஞ்சிருக்கேன். டெல்லிக்கு மட்டும் எத்தனை தடவை டெலக்ஸ் அடிச்சிருப்பேன். மூணு தடவை வர மாட்டேன்னு நின்னுச்சு. போன வாரம் கூட... ஆமா, பயமாத்தான் இருக்கு.

நரசிம்மன்: வரும். நீ வேலைக்குப் போறேன்னு சொன்னப்போ நான் இன்னா ஆட்டம் ஆடினேன். நாலு நாளு வூட்டுல சாப்புடலை. நீ தெனம் எலையைப் போட்டு வெச்சுட்டு, மொகத்தைக் கூட சுளிக்காம பஸ் புடிச்சுப் போய்க்கினு இருந்த. உனக்கு வர வேண்டியது வரும்.

கலைமதி: நாலு நாளும் ராத்திரி பஜார்ல பரோட்டா சாப்பிட்டீங்கன்னு அத்தை சொன்னாங்க.

நரசிம்மன்: சுந்தராம்பாளுக்கு எப்பிடித் தெரியும்?

கலைமதி: பரோட்டாக் கடைக்கு பெஞ்சு வாடகை நம்ம கடையிலருந்துதானே போவுது.

நரசிம்மன்: ...சரியான ஆளு உங்க அத்தை. இத்தினி நாளு வாயே தொறக்கலை பாரு.

கலைமதி: மாமா, மேல பாருங்க. அதோ. மேகத்துக்குக் கீழ. ரெண்டு வெளிச்சம்.

நரசிம்மன்: எங்க? ...ஆமா. ஆமா, ரெண்டு வெளக்கு.

கலைமதி: அதுவா, வேற ஏதாவதா... இருங்க. ரெக்கை மேல இருக்கு... காத்தாடி ரெண்டு... அதுதான். அதுதான் மாமா.

நரசிம்மன்: ஏ எளநி, இங்க வா, வா. வருது பாரு.

லூர்தம்மாள்: தெனம் பாக்கறதுதானே சாமி... அட, வெள்ளை வெளேர்னு புதுசா கீது.

கலைமதி: சக்கரம் எறக்கிட்டான். நேரா வர்றான். மாமா, வாலைப் பாருங்க, வாலைப் பாருங்க...

நரசிம்மன்: ஏழு கலரு.

கலைமதி: வானவில்லு.

நரசிம்மன்: எவ்ளோ தாழ வருதும்மா. கை நீட்டினா எட்டும் போல கீதே. காதைப் பொத்திக்கோ...

கலைமதி: மாமா, நான் அயர்லாந்து போகணும். மூணு மாசம்.

நரசிம்மன்: இன்னா?

கலைமதி: மூணு மாசம் ட்ரெய்னிங்கு. அயர்லாந்து.

நரசிம்மன்: காது கேக்கலை, இரு. ...எறங்கிட்டானா? மதிலு மறைக்குது.

லூர்தம்மாள்: எறங்கிட்டான் சாமி. சக்கரம் தேயற சத்தம் வந்துச்சே.

நரசிம்மன்: எறங்கிட்டான். கலை, உன் ஏரோப்ளேன் எறங்கிடுச்சு. ...இன்னாத்துக்கு அழுவுற?

கலைமதி: அழல மாமா. தூசி.

நரசிம்மன்: எனக்கும் தூசிதான். இந்தாம்மா லூர்து... பேரு இன்னா?

லூர்தம்மாள்: லூர்தம்மாதான். எப்பிடி சாமி சொன்ன?

நரசிம்மன்: கழுத்துல மாதா படம் கீதே, குத்துமதிப்பா வுட்டேன். எல்லாருக்கும் இன்னொரு எளநி வெட்டு. நீயும் ஒண்ணு குடி. அந்த ஆட்டோக்காரங்க ரெண்டு பேரையும் கூப்புடு. கல்யாண வூடு மாதிரி இருக்கட்டும்.

லூர்தம்மாள்: இந்தா, வெட்டறேன். டேய் தம்பிங்களா, வாங்கடா.

நரசிம்மன்: ஏரோப்ளேன் சத்தத்துல இன்னமோ சொன்னியே.

கலைமதி: ஒண்ணும் இல்ல மாமா. அப்புறமா...

நரசிம்மன்: சொல்லும்மா.

கலைமதி: மாமா... கோவப்படாதீங்க. உங்ககிட்ட சொல்லணும்னு ரெண்டு மாசமா பாக்கறேன். முடியல. உங்க பையன் நீயே சொல்லு, நீயே சொல்லுன்னு ஷிப்டுக்கு ஓடிடறாரு. முதல்ல விமானத்தைக் காட்டிட்டு அப்புறம் கேக்கலாம்னுதான் இன்னிக்கு உங்களை இந்தப் பக்கம் கூட்டிக்கினு வந்தேன். பல்லாவரத்துல டாக்டர் இருக்காரு, அது நெசம். ஆனா பன்னெண்டு மணிக்குன்னு சொன்னது பொய். காலைலயே உக்காந்துடுவாரு.

நரசிம்மன்: ம்.

கலைமதி: அயர்லாந்துக்காரங்க என்னைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. மூணு மாசம் அங்க தங்கி தொழில் கத்துக்கணும். வந்தப்புறம் இங்க வர்ற விமானங்களை நானே பாத்துக்கலாம். ஜனவரி முதல் வாரம் கிளம்பணும்.

நரசிம்மன்: ம்.

கலைமதி: நீங்க வேணாம்னா போகல. நெசமாத்தான் சொல்றேன். ஆனா போகணும்னு ரொம்ப ஆசையா இருக்கு மாமா.

நரசிம்மன்: லூர்தம்மா, எவ்ளோ ஆச்சு?

கலைமதி: ஏதாவது சொல்லுங்க மாமா. திட்டவாவது திட்டுங்க. உங்களுக்குத் தெரியாம பாஸ்போர்ட் கூட எடுத்துட்டேன். ஆபீசுக்கே வந்துடுச்சு. நல்லவேளையா விசாரணைன்னு வீட்டுக்குப் போலீஸ் யாரும் வரலை...

நரசிம்மன்: வரலைன்னு யாரு சொன்னா?

கலைமதி: ...மாமா?

நரசிம்மன்: தீவாளிக்கு முன்னாடியே கடைக்கு வந்துட்டாரும்மா போலீசு. உங்க மருமவ வெளிநாடு போறதுல வூட்டுல ஏதாவது ஆட்சேபணை கீதான்னு கேட்டாரு. டீயும் மசால்வடையும் வாங்கிக் குடுத்து, அந்த மாதிரி ஒரு பொண்ணு எங்க வூட்டுக்கு வந்ததே பெரிசுங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். நீயா எப்ப சொல்லுவேன்னு அன்னிலருந்து காத்துக்கினு கீறேன். என் கண்ணுக்கு ஒண்ணும் கேடு இல்ல, நீ தனியா பேச வழி கெடைக்கட்டும்னுதான் அப்படிச் சொல்லி வெச்சேன், அந்த ஏரோப்ளேன் மூக்குல எழுதியிருந்ததைக் கூட எழுத்துக்கூட்டிட்டேன். அங்க எலும்பு நடுங்கற குளுராம், மவுண்ட் ரோட்டுல நேபாளத்துக்காரங்க கம்பளி ஸ்வெட்டர் விக்கறாங்களாம். உன் அளவு எனக்கு எப்பிடித் தெரியும், நீ கூட வந்தாத்தானே வாங்க முடியும்? வண்டியை எடு.